காஷ்மீர் லோடு எடுக்கும் லாரி உரிமையாளர்களுக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர்களே,

நவம்பர் வரப்போகிறது. ஆப்பிளுக்கு நல்ல வாடகை என்று புக்கிங் ஆபீஸிலிருந்து போன் வரும். தேங்காயோ துணியோ ஏற்றி வண்டியை வடக்கே விடுவீர்கள், திரும்பும்போது ஆப்பிள் ஏற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவீர்கள். நம் நாமக்கல் வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை போகிறது. ரோடு ஒன்றுதான் என்றாலும், அதன் தென்கோடியில் ஒருநாளும் பார்க்காத தொல்லை ஒன்று வடகோடியில் ஒவ்வொரு குளிர்காலமும் காத்திருக்கிறது. டேங்கில் டீசல் உறைந்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிடுகிறது. அந்த அலைச்சலையும் செலவையும், பல சமயம் உங்கள் கோபத்தையும், வண்டியோடு போன டிரைவர் ஒருவரே சுமக்கிறார். அதைத் தடுக்க வேண்டிய இடம் உங்கள் மேஜை. உங்களிடம் நேரே சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் டீசல் பம்ப், நாசில் வேலை பார்ப்பவன். குளிர்காலத்தில் நடுராத்திரிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “அண்ணா, ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு நிமிஷம் ஓடுது, நின்னுடுது. ஏர் எடுத்துப் பார்த்துட்டேன், திரும்பவும் அதேதான்.” எங்கே நிற்கிறாய் தம்பி என்று கேட்டால் காசிகுண்ட் என்பார், பனிஹால் என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமிருக்காது. பம்பும் நன்றாகத்தான் இருக்கும், நாசிலும் நன்றாகத்தான் இருக்கும்.

உங்களில் பலர் ஸ்டியரிங் பிடித்து முன்னுக்கு வந்தவர்கள். ஆனாலும் பனியில் வண்டி ஓட்டியவர்கள் குறைவு என்பதால் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். டீசலில் மெழுகு உண்டு. யாரும் கலந்ததில்லை, கச்சா எண்ணெயிலிருந்து கூடவே வருவது. நன்றாக எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர் வெயிலில் கரைந்தே கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. குளிர் கூடக்கூட அது பொடிப்பொடியாகப் பிரிந்து டீசல் கலங்குகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைவதைப் போல டேங்க் முழுவதும் கட்டியானால்தான் வண்டி நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிலை வருவதற்கு வெகு முன்பே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் தாளின் துளை சில மைக்ரான்தான். மெழுகுப்பொடி அதன்மேல் படிந்து மூடிவிட்டால், டேங்கில் இருநூறு லிட்டர் இருந்தும் இன்ஜினுக்குச் சொட்டுக்கூடப் போகாது. “மூடியைத் திறந்து பார்த்தேன், டீசல் தண்ணியாத்தான் இருக்கு” என்று டிரைவர் சொல்லும்போது, “அப்புறம் எப்படிடா உறைஞ்சிருக்கும்?” என்று நீங்கள் கத்துகிறீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

ஓடும் வண்டிக்கு இந்த ஆபத்து குறைவு. காமன் ரெயில் இன்ஜினில் எரிந்தது போக மிச்ச டீசல் சூடாகி டேங்குக்கே திரும்புவதால் டேங்க் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். வண்டி நிற்கும்போதுதான் வினை. ஜம்முவுக்கு மேலே நிற்பதும் போவதும் டிரைவரின் இஷ்டத்தில் இல்லை. ராம்பன் பக்கம் மலை சரிந்தாலும் பனிஹாலில் பனி கொட்டினாலும் ரோட்டை மூடிவிடுகிறார்கள். திறந்தால் முதலில் சின்ன வண்டிகள், பிறகுதான் லாரிகள். 2017-இல் செனானி–நஷ்ரி சுரங்கப்பாதை வந்தது, அதன்பின் பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே புதுச் சுரங்கப்பாதையும் வந்தது. தூரம் குறைந்தது உண்மைதான், லாரி வரிசைகள் மட்டும் தீரவில்லை. டிசம்பர் 21-இலிருந்து நாற்பது நாளைக் காஷ்மீர் மக்கள் ‘சில்லை கலான்’ என்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களே பயப்படும் குளிர் அது. 2021 ஜனவரியில் ஸ்ரீநகர் நகரத்துக்குள்ளேயே மைனஸ் 8.4 டிகிரி பதிவானது. ஊருக்கு வெளியே, திறந்த வெளியில், தகர டேங்கோடு வரிசையில் நிற்கும் வண்டியின் நிலையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட ராத்திரியில் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் ஓடவிடுகிறார். நாமக்கல்லில் உட்கார்ந்திருக்கும் உங்கள் செல்போனில் ‘வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது’ என்று ஜிபிஎஸ் எச்சரிக்கை வருகிறது. உடனே போன் போட்டு அணைக்கச் சொல்கிறீர்கள். மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் சும்மா எரிகிறதே என்ற உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. டியூ, டோல், இன்சூரன்ஸ், டயர் எல்லாம் கட்டியபிறகு கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று என் பட்டறையில் உட்கார்ந்து நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அணைத்த இன்ஜினால் மறுநாள் என்ன ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகி, குழாயில் மிச்சமிருந்த டீசலில் ஓடி, நின்றுவிடும். டிரைவர் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பார், பேட்டரி இறங்கிவிடும். இன்றைய பம்புகளுக்கு உள்ளே ஓடும் டீசல்தான் வழவழப்பு. டீசல் வராமல் சுற்றினால் பம்ப் தேய்ந்து, அந்த இரும்புத்தூள் இன்ஜெக்டர்களுக்குள் போய்விடும். பம்பையும் இன்ஜெக்டர் செட்டையும் மாற்றினால் லட்சத்தைத் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும். மிச்சம் பிடித்தது நாலைந்து மணி நேரத்து டீசல்.

ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிடுங்கள் என்று நான் வாதாட வரவில்லை. அதுவும் ஆபத்துதான். பனி மூடிப் புகைக்குழாய் அடைத்தால் நச்சுப்புகை கேபினுக்குள் வரும். ஆனால் அணைக்கச் சொல்வதற்கு முன்னால், அணைத்தாலும் உறையாத டீசலை அந்த டேங்கில் இருக்க வைக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு.

இங்கேதான் என் முதல் மனக்குறை. டேங்கில் என்ன டீசல் போகிறது என்பதை டிரைவர் தீர்மானிப்பதில்லை. ‘எந்த மாநிலத்தில் ரேட் கம்மியோ அங்கே ஃபுல் பண்ணு’ என்பது நம் பக்கத்து வழக்கம். எந்த பங்க், எத்தனை லிட்டர் என்பது வரை கார்டு வழியாக நீங்களே முடிவு செய்கிறீர்கள். சமவெளியில் கழுத்து வரை நிரப்பிய அதே டீசலோடு வண்டி மலை ஏறுகிறது. குளிர்காலத்தில் பங்குகளில் குளிர்கால டீசல்தானே வருகிறது என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறீர்கள். வருகிறது. ஆனால் அந்தக் குளிர்காலம் யாருடைய குளிர்காலம் என்று பாருங்கள். டீசல் எந்த வெப்பநிலையில் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் என்பதற்கு நம் நாட்டுத் தர விதியில் ஒரு வரம்பு இருக்கிறது. கோடையில் அது 18 டிகிரி, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை 6 டிகிரி. மைனஸ் 6 என்று படித்துவிடாதீர்கள், பூஜ்ஜியத்துக்கு மேலே 6. டெல்லிக்கும் கான்பூருக்கும் அது போதும். ஜெர்மனியில் நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய மைனஸ் 20 வரை தாங்கும் டீசலைத்தான் விற்க வேண்டும், அதனால் அங்கே லாரிக்காரர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. நம் ஆலைகளிலிருந்து வருவது விதி கேட்பதைவிட நல்லதாகவும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நம்பியா ஒரு மனிதனை மைனஸ் எட்டுக்கு அனுப்புவது?

தீர்வு இல்லாத சிக்கலாக இருந்தால் நான் இப்படிக் குரல் உயர்த்தமாட்டேன். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக் பகுதிக்கென்றே தனியாகக் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. பானிபட் ஆலையில் தயாரானது. மைனஸ் 33 டிகிரிக்கு இறங்கும் வரை ஓட்டம் நிற்காது. லே, கார்கில் பக்கம் லோடு எடுப்பவர்கள் அந்த டீசலைத்தான் வாங்கி ஊற்ற வேண்டும், அதற்கு டேங்கில் இடமும் இருக்க வேண்டும். கீழே மலிவாகக் கிடைக்கிறது என்று நீங்கள் நிரப்பிவிட்ட டேங்கில் மேலே போய் எதை ஊற்றுவது? மலை ஏறுகிறவரை எவ்வளவு தேவையோ அவ்வளவு கீழே, மிச்சம் மேலே. விலை சற்றுக் கூடினாலும் இதுதான் சரியான கணக்கு.

காஷ்மீர் பள்ளத்தாக்கோடு திரும்பும் வண்டிகளுக்கு உறைவுத் தடுப்புக் கலவை இருக்கிறது. பாட்டிலில் வருகிறது, பாட்டில்மேல் எழுதியிருக்கும் அளவில் டேங்கில் ஊற்ற வேண்டும். மெழுகு பிரியாமல் தடுப்பது அதன் வேலை இல்லை. பிரிகிற பொடி பெரிதாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் சின்னதாகவே வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஆகவே மெழுகு பிரிவதற்கு முன்பே அது டீசலில் கலந்திருக்க வேண்டும். ஜம்முவில், சூடு இருக்கும்போதே, டீசல் பிடிக்கிற நேரத்தில் ஊற்றினால் பம்பிலிருந்து விழும் வேகத்திலேயே கலந்துவிடும். பனிஹாலில் வண்டி நின்ற பிறகு ஊற்றினால் அந்தக் காசும் வீண். நீங்கள் பணம் அனுப்புவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகுதான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். ‘பத்துக்கு ரெண்டு மண்ணெண்ணெய் விடு, ஓடும்’ என்று இன்றைக்கும் போனில் சொல்கிறீர்கள். மண்ணெண்ணெயில் மெழுகு குறைவு, கலந்தால் உறையும் வெப்பநிலை கொஞ்சம் இறங்கும் என்பது சரிதான். பழைய இன்லைன் பம்ப் வண்டிகள் அதையும் குடித்துக்கொண்டு ஓடின. இன்று உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் பிஎஸ்-6 வண்டிகள். 2020 ஏப்ரலிலிருந்து வரும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான், புகையைச் சுத்தம் செய்யும் உறுப்புகளும் அதை நம்பியே செய்யப்பட்டவை. மண்ணெண்ணெயில் இருக்கும் கந்தகம் அவற்றைக் கெடுக்கும், அதன் வறட்சி பம்பைத் தேய்க்கும். ரேஷன் மண்ணெண்ணெய் என்றால் அது சட்டப்படியும் குற்றம். செக்போஸ்டில் பிடிபட்டால் வழக்கு யார்மேல் வரும்? கலக்கச் சொன்ன குரலுக்குச் சாட்சி கிடையாது. பெட்ரோல் கலப்பதைப் பற்றி ஒரே வரி: தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள், தீப்பிடிக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பயோடீசல் என்ற பெயரில் விற்பதை நிரப்புகிறவர்களும் உண்டு. பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் பத்துப் பதினைந்து டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். காஷ்மீர் போகும் டேங்கில் அது ஒரு லிட்டர்கூடப் போகக் கூடாது.

எல்லாம் கைவிட்ட பிறகு டிரைவர் என்ன செய்கிறார் தெரியுமா? கட்டையும் கிழிந்த சாக்கும் சேர்த்து டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டுகிறார். அந்த மலைகளில் வழிவழியாக நடந்து வருவதுதான், பக்கத்து வண்டிக்காரரே சொல்லிக்கொடுப்பார். நம் விதிப்படி டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும். குளிரில் அது பாதுகாப்பானதாகத் தெரியும். நெருப்புக்கு நேர்மேலே இருக்கும் டேங்க் அடிப்பாகம் 35 டிகிரியைத் தொட எவ்வளவு நேரமாகும்? பக்கத்திலேயே பிரேக் காற்றுக் குழாய், வயரிங், பிளாஸ்டிக் லைன். பல நாள் வீட்டைவிட்டுப் பிரிந்து, உங்கள் போனுக்குப் பயந்து, சரக்கு கெட்டுவிடுமே என்று பதறி ஒருவர் அந்தத் தீக்குச்சியைக் கிழிக்கிறார். கையில் ஒரு புது ஃபில்டர் இருந்திருந்தால் அவர் அதைச் செய்திருக்கமாட்டார். அடைத்த ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கேபினுக்குள் கதகதப்பாக வைத்திருந்த புது ஃபில்டரை மாட்டி, வெந்நீரில் நனைத்த துணியை லைனில் சுற்றி, கையால் பிரைமிங் செய்தால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். பிறகு ஓடும் சூட்டிலேயே மற்றது கரையும்.

கேபினுக்குள் கரி அடுப்பை வைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கரியிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். நல்ல கம்பளியும் கனமான படுக்கைப் பையும் வாங்கிக் கொடுத்தால் அடுப்பு எதற்கு?

டீசலைத் தவிர உறையக்கூடிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும், சரியான கூலன்ட் விகிதம் கட்டாயம். ஆட்புளூ மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். வண்டியே அதைச் சூடாக்கிக்கொள்ளும், அதில் எதையும் கலக்கக் கூடாது, விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. டீசல் லைனில் நிற்கும் தண்ணீர் இன்னொரு வில்லன். மெழுகைப் போலவே அதுவும் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். தூங்கப்போகும் முன் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து வடித்துவிட டிரைவருக்குச் சில நிமிடம்தான் ஆகும். காற்று டேங்கின் தண்ணீரும் அப்படித்தான்.

இப்போது என் இரண்டாவது மனக்குறை. இதுதான் பெரியது. வண்டி உறைந்து நின்றால், அந்த நாட்களுக்கு பேட்டா இல்லை. அங்கே வந்த மெக்கானிக் கூலியில் பாதி டிரைவர் கணக்கில் எழுதப்படுகிறது. சிலர் சரக்குத் தாமதத்துக்கு வந்த பிடித்தத்தையும் அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன், டிரைவரைச் சொந்தத் தம்பியாக நடத்தும் உரிமையாளர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது, அந்த வழக்கம் டிரைவருக்கு எதிராக இருக்கிறது. டீசலை வாங்கும் இடத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். எந்த மாதத்தில் எந்த லோடு என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். ரோடு மூடுவதை மழையும் பனியும் தீர்மானிக்கின்றன. இதில் டிரைவர் தீர்மானித்தது எது, அவர் சம்பளத்தில் பிடிப்பதற்கு? காஷ்மீர் லோடு என்றால் வரமாட்டேன் என்று நல்ல டிரைவர்கள் ஒதுங்குவதற்கு, ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் அங்கலாய்ப்பதற்கு, இந்தப் பிடித்தமும் ஒரு காரணம். என் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை நான் கேட்கிறேன், உங்களிடம் சொல்ல அவர்களுக்குத் துணிவில்லை.

ஆகவே கேட்கிறேன். அக்டோபர் முடிவதற்குள் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஜம்முவுக்கு மேலே போகும் ஒவ்வொரு வண்டியிலும் அந்த மாடலுக்குரிய டீசல் ஃபில்டர் இரண்டு, உறைவுத் தடுப்புக் கலவை, சரியான கூலன்ட், ஆளுக்கொரு கம்பளி இல்லாமல் வண்டி யார்டைவிட்டு நகரக் கூடாது என்று முடிவெடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு டிரிப் வாடகையில் சின்னத் துண்டு, அதை வாடகை பேசும்போதே சரக்குக்காரரிடம் கேட்டு வாங்கும் வலு தனி ஆளைவிடச் சங்கத்துக்கு அதிகம். ஜம்முவுக்கு மேலே எங்கே, எவ்வளவு டீசல் என்பதை டிரைவரிடம் விட்டுவிடுங்கள். பில்லைக் கேளுங்கள், காரணம் கேட்காதீர்கள். ரோடு மூடி நிற்கும் இரவில் ஐடில் எச்சரிக்கை வந்தால், அணைக்கச் சொல்வதற்கு முன் அங்கே எத்தனை டிகிரி என்று அவரிடம் விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டீசல் உறைந்து நின்ற நாளுக்கு பேட்டா உண்டு, அந்தச் செலவில் ஒரு ரூபாயும் டிரைவர் கணக்கில் ஏறாது என்று தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம், புக்கிங் ஆபீஸ் சுவரில் ஒட்டும்படி தாளில் வேண்டும்.

ஃபில்டர் நம்பரும் கலவை அளவும் வண்டிக்கு வண்டி மாறும். எந்தப் பம்ப் பட்டறையிலும் வண்டி மாடலைச் சொல்லிக் கேளுங்கள், எழுதித் தருவார்கள். என் பட்டறைக்கு வந்தாலும் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன், டிரைவரையும் கூட்டி வாருங்கள், ஃபில்டர் மாற்றிப் பிரைமிங் செய்வதை அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நாமக்கல் டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவன்